48 மணி நேரம்

2023 ஆடிப்பெருக்கு அன்று எங்கள் வீட்டுப் புளிக்காய்ச்சல் வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். ஆடியில் காவிரிக்கு மசக்கை, வாய்க்கு ருசியாகக் கேட்பாள், அதனால்தான் சித்திரான்னம் படைக்கிறோம் என்று அம்மா வருஷா வருஷம் சொல்வாள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று நாலையும் கிளறி வைத்துவிட்டு ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்கு 28 வாரமும் 3 நாளும். படித்துறை இறங்க எனக்கு அனுமதி இல்லை. திண்ணைச் சுவரில் சாய்ந்து கிண்ணத்தில் புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது வயிறு இறுகியது.

வலி என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ ஈரத்துணியை மெதுவாக முறுக்கி, அப்புறம் விட்டுவிட்டதுபோல் இருந்தது. கையை வைத்துப் பார்த்தேன். செக்கப்புக்குப் போனபோது ஒரு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்தார்: "வயித்துல கை வச்சுப் பாரும்மா. மூக்கு நுனி மாதிரி இருந்தா லேசான இறுக்கம். மோவாய் மாதிரின்னா கொஞ்சம் கூட. நெத்தி மாதிரி கல்லா இருந்துச்சுன்னா யோசிக்காம வந்துடு." மூன்றாவது தடவை இறுகியபோது கைக்கு நெற்றிதான் பட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை.

"சூட்டு வலியா இருக்கும் ஆயி" என்றாள் பாட்டி. "சீரகக் கஷாயம் வச்சுத் தரேன். குடிச்சு நின்னுட்டா சூட்டு வலி."

ஒன்பது மாதம் நிறைந்தவளுக்கு அது நல்ல யோசனைதான். எங்கள் ஊரில் எத்தனையோ பெண்களை வீணாக ஆஸ்பத்திரிக்கு அலையவிடாமல் காத்த கஷாயம் அது. ஆனால் ஏழாம் மாதத்தில் கஷாயம் கொதிக்கிற நேரம்கூட விலை உள்ளது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை 2021இல் போன முதல் குழந்தை.

அப்போது 21ஆம் வாரம். ரெண்டு நாளாக அடியில் ஏதோ கனம் இறங்குவதுபோல் இருந்தது. முதுகில் விட்டுவிட்டு வலி, வழக்கத்தைவிட நீர்த்த வெள்ளை. அப்போது பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் வாயுத்தொல்லை என்று சொல்லி, மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் எடுக்கவில்லை. மறுநாள் ராத்திரி, வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தது. அவ்வளவுதான். மற்றதை இங்கே எழுத மாட்டேன்.

அதற்கப்புறம் கேட்ட பேச்சுதான் வருஷக்கணக்கில் என்னைத் தின்றது. குடம் தூக்கினாளாம். ஸ்கூட்டரில் போனாளாம். பப்பாளி தின்றாளாம். ரெண்டாவது தடவை கர்ப்பமானபோது தஞ்சாவூரில் பார்த்த டாக்டரம்மாவிடம் இந்தப் பட்டியலை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "நீ எதுவும் பண்ணலம்மா. கர்ப்பப்பை வாய் சில பேருக்கு வலியே இல்லாம, சத்தம் காட்டாமத் திறந்துக்கும். இந்தத் தடவை அதை நாம அளந்து பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். ரெண்டு வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லாத வார்த்தை அது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

16ஆம் வாரத்திலிருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தார். கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைப்பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம். எனக்கு 38 இருந்தது, 33 ஆனது, 20ஆம் வாரத்தில் 19. அன்றைக்கே ரெண்டு காரியம் முடிவானது: தையல் ஒன்று, ராத்திரி மருந்து ஒன்று.

தையல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. திறந்துகொள்ளும் கர்ப்பப்பை வாயைத் தையல் போட்டு மூடி வைக்கலாம் என்று 1955இல் எழுதியவர் பம்பாயில் இருந்த டாக்டர் வி. என். ஷிரோத்கர். ரெண்டு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவின் மெக்டொனால்டு அதையே இன்னும் எளிதாகச் செய்யும் வழி சொன்னார். எனக்குப் போட்டது மெக்டொனால்டு தையல். உலகம் முழுக்கப் பிரசவ வார்டுகளில் இன்றைக்கும் ஷிரோத்கர் பெயரைச் சொல்கிறார்கள். நம் நாட்டில் எத்தனை அம்மாக்களுக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்குத் தையல் போட்ட பிறகுதான் தெரிந்தது.

ராத்திரி மருந்து புரொஜெஸ்டிரோன், 200 மில்லிகிராம். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய, வழுவழுப்பான குளிகை. விழுங்குவதற்கு இல்லை, படுக்கும்போது பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இதை வெளிப்படையாக எழுதுகிறேன், ஏனென்றால் மருந்துக் கடையில் கவரில் போட்டுக் கொடுத்தவர் சொல்லவில்லை, நானும் கூச்சத்தில் கேட்கவில்லை. முதல் ரெண்டு நாள் தண்ணீரோடு விழுங்கினேன். தலை சுற்றி, பகலெல்லாம் தூக்கமாக வந்தது. கையை நன்றாகக் கழுவி, மல்லாந்து படுத்து, விரல் நீளத்துக்கு உள்ளே தள்ளிவிட்டு, அப்படியே தூங்கிவிட வேண்டும் என்று சிஸ்டர்தான் பிறகு விளக்கினார். காலையில் எழுந்தால் உள்ளாடையில் வெள்ளையாகக் கசிந்திருக்கும். பனிக்குடம் உடைந்து போன ஒருத்திக்கு உள்ளாடை ஈரம் எப்படிப்பட்ட பயம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சிஸ்டர் அதற்கும் ஒரு வழி சொன்னார்: "மாவு மாதிரி, எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா மருந்தும்மா. தண்ணியா ஓடுச்சுன்னாதான் ஓடி வரணும்." அந்த ஒரு வரியை வைத்துத்தான் நூறு காலைகளை நெருங்கக் கடந்தேன்.

கர்ப்பப்பையை அமைதியாக வைத்திருக்க உடம்பே சுரக்கிற ஹார்மோன்தான் புரொஜெஸ்டிரோன். கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்தவர்களுக்கு இதைக் கீழ்வழியாகக் கொடுத்தால் குறைப்பிரசவம் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இதன் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு ஊசியும் உண்டு, வாரம் ஒன்று இடுப்பில் போடுவார்கள். என் பெரியம்மா மகள் அக்கா அந்த ஊசியை வாரம் தவறாமல் போட்டுக்கொண்டவள். "உனக்கு ஏன் எழுதல?" என்று அவள் போனில் கேட்டபோது எனக்கும் சந்தேகம் வந்தது. டாக்டரம்மா சொன்னது இது: அமெரிக்காவில் 2011இல் அந்த ஊசிக்கு அனுமதி கொடுத்தார்கள். பிறகு பெரிய ஆய்வு ஒன்றைச் செய்து பார்த்ததில் குறைப்பிரசவத்தை அது தடுப்பதாகத் தெரியவில்லை. 2023 ஏப்ரலில் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் மூன்றாம் மாதத்தில் இருந்த அதே ஏப்ரல். ஊசி என்றால் மாத்திரையைவிட வலுவானது என்கிற எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது.

சரி, ஆடிப்பெருக்கு ராத்திரிக்கு வருகிறேன்.

காரில் போகும்போதே ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. பிரசவ அறையில் வயிற்றில் பெல்ட் கட்டி, காகிதத்தில் மலை மலையாக ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துவிட்டு, நிஃபெடிபின் கொடுத்தார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைதான். கர்ப்பப்பையும் ஒரு தசைப்பை. தசை சுருங்க வேண்டுமென்றால் அதன் செல்களுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அந்த வாசலை நிஃபெடிபின் சாத்துகிறது. ரத்தக்குழாய்ச் சுவரிலும் அதே தசைதான், அதனால் ரத்த அழுத்தமும் கூடவே இறங்குகிறது. கால் மணிக்கு ஒருமுறை கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அரை மணியில் முகம் பற்றிக்கொண்டது. இட்லிப் பானையைத் திறந்து ஆவியில் முகத்தை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. காதுமடல் வரைக்கும் சூடு. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, நெற்றிப்பொட்டில் யாரோ தட்டிக்கொண்டே இருப்பதுபோல் தலைவலி. இதை வீட்டில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்கிற மாத்திரையாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு சொல்கிறேன். அக்கா தன் காலத்தில், கர்ப்பப்பையைத் தளர்த்தக் கொடுத்த ஐசாக்சுப்ரின் மாத்திரையை மாசக்கணக்கில் வீட்டில் வைத்துச் சாப்பிட்டாள், மிஞ்சியதை எனக்குத் தருவதாகவும் சொன்னாள். அவளுடைய அன்பு எனக்குப் புரிந்தது. ஆனால் அதுவும் இதயத்துடிப்பைக் கூட்டுகிற மருந்து. இந்த மருந்துகளில் ஒன்றைக்கூட ஒருத்திக்கு எழுதியது என்பதற்காக இன்னொருத்தி தொடக் கூடாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இடுப்பில் ஒரு ஊசி. பீட்டாமெத்தசோன், 12 மில்லிகிராம். மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொன்று. குழந்தையின் மூளையைக் காப்பதற்கு மக்னீசியமும் தயாராக எடுத்து வைத்திருந்தார்கள், பிரசவம் நெருங்கினால் ஏற்ற. அன்றைக்கு அது தேவைப்படவில்லை. விடியற்காலைக்குள் இறுக்கம் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று என்று தளர்ந்தது.

மறுநாள் எல்லாம் குழந்தையின் அசைவு குறைந்துபோனது. நான் நடுங்கிப்போய் மணியை அடித்தேன். உடனே வந்து இதயத்துடிப்பைப் போட்டுக் காட்டினார்கள், குதிரை ஓடுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் சில குழந்தைகள் அடங்கி இருக்குமாம். அப்படியே இருந்தாலும், அசைவு குறைந்தால் சொல்லாமல் இருக்காதே, நீயாக முடிவு கட்டாதே என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி டாக்டரம்மா கேஸ் ஷீட்டில் நிஃபெடிபினை அடித்துவிட்டார். நிறுத்தியாகிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்த கையை யாரோ எடுத்துவிட்டதுபோல் இருந்தது. "மேடம், இன்னும் மூணு மாசம் இருக்கே, அதுவரைக்கும் கொடுங்க, தலைவலியை நான் பொறுத்துக்கறேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார். "இந்த மாத்திரை உன்னை ஒன்பதாம் மாசத்துக்குக் கொண்டுபோகாதும்மா. அப்படிக் கொண்டுபோற மருந்து இன்னும் வரல. இது 48 மணி நேரத்தைப் பிடிச்சுத் தரும். அந்த 48 மணி நேரத்துல ஊசி குழந்தையோட நுரையீரல்ல வேலை செஞ்சு முடிச்சிடும். எனக்கு வேண்டியது அதுதான், அது கிடைச்சாச்சு. இனிமே கிடைக்கற ஒவ்வொரு நாளும் லாபம்."

ஒரு ராத்திரி முழுக்க என் உடம்பில் ஏறிய மருந்து எதற்கு என்று அதுவரை எனக்குத் தெரியாது. வலியை நிறுத்துகிற மாத்திரைதான் முக்கியம், ஊசி ஏதோ சத்துக்கு என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஊசிக்காகத்தான் மாத்திரை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த மூன்று நாளில் பாதி பயம் எனக்கு இருந்திருக்காது. பிரசவ அறையில் நேரம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ரெண்டு வாக்கியம்தானே.

வீட்டுக்கு வந்து அந்த ஊசியின் கதையைத் தேடிப் படித்தேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்று ஒரு மகப்பேறு மருத்துவர். ஆட்டுக்குப் பிரசவ வலி எதனால் தொடங்குகிறது என்று பார்ப்பதற்காகக் கருவில் இருக்கும் குட்டிகளுக்கு இதே வகை மருந்தான ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சே விட முடியாத வளர்ச்சியில் பிறந்த குட்டி ஒன்று மூச்சு விட்டது. அது இறந்த பிறகு நுரையீரலை எடுத்துப் பார்த்தால், உள்ளே காற்று ஏறியிருந்தது. அங்கிருந்து பிடித்த நூல்தான். குழந்தை மருத்துவர் ஹோவியோடு சேர்ந்து 282 அம்மாக்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்டார். நுரையீரலின் காற்றுப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழவழப்புப் பூச்சு வேண்டும். அது பொதுவாகக் கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு சுரக்கும். ஊசி அதை முன்கூட்டியே சுரக்க வைக்கிறது.

இவ்வளவு தெரிந்த பிறகும், அமெரிக்காவில் 1994இல் நிபுணர் குழு கூடிப் பரிந்துரைத்த பிறகுதான் மருத்துவர்கள் பரவலாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 22 வருஷம். அந்த 22 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள். நம்மைப் போன்ற நாடுகளில் இது நன்மையா கெடுதலா என்கிற சந்தேகமும் கொஞ்ச காலம் இருந்தது. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், கென்யா, நைஜீரியா ஐந்து நாடுகளிலும் 2,852 பெண்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. அதில் கொடுத்தது டெக்சாமெத்தசோன், அதே வகையில் விலை மலிந்த ஊசி. குழந்தை இறப்பு குறைந்தது. பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பணம் இல்லாதவர்களுக்கும் எட்டுகிற மருந்து இது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

1963இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான், பேட்ரிக். ஐந்தரை வாரம் முந்திப் பிறந்தவன். எடை ரெண்டு கிலோவுக்கு மேல். ரெண்டு நாள்கூட முழுதாக உயிரோடு இல்லை. நுரையீரல் விரியவில்லை. ஒரு அதிபரால் வாங்கித் தர முடியாதது, அறுபது வருஷம் கழித்துத் தஞ்சாவூரில் என் இடுப்பில் ரெண்டு ஊசியாக ஏறியது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கட்டிலின் கால்மாட்டில் ரெண்டு ரெண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தாள். கால் மேலே இருந்தால் குழந்தை இறங்காது என்பது கணக்கு. முழுக்கப் படுத்தே கிடந்தால் குறைப்பிரசவம் தள்ளிப்போவதாக எந்த ஆய்விலும் காணவில்லை, காலில் ரத்தம் உறையத்தான் வாய்ப்பு கூடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கனம் தூக்காதே, நெடுநேரம் நிற்காதே, மற்றபடி வீட்டுக்குள் நட என்றார். செங்கல்லை எடுக்க வைக்க எனக்கு நாலு நாள் ஆனது. அதற்குப் பதில் அம்மா திருக்கருகாவூருக்குப் போய் விளக்கெண்ணெய் வாங்கி வந்தாள். தடவிக்கொள்ளலாம், குடிக்க மட்டும் கூடாது, அது வலியைத் தூண்டிவிடும் என்று போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு, ராத்திரியில் அவளே வயிற்றில் தடவிவிடுவாள். அந்தத் தலத்தின் கதையை சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். சாபத்தால் வேதிகையின் கரு கலைந்தபோது அம்பாள் அதை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, மாதம் நிறைந்ததும் குழந்தையாகக் கையில் கொடுத்தாள். அம்மாவின் விரல் வயிற்றில் வட்டம் போடும்போது அந்தக் குடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். காலத்துக்கு முன்னால் வெளியே வந்த பிள்ளையை எதில் வைத்துக் காப்பது என்று எங்கள் ஊர்ப் பெண்கள் எப்போதோ யோசித்திருக்கிறார்கள்.

29 வாரம், 30, 31. காலண்டரில் என் கணவர் தினமும் பேனாவால் ஒரு கோடு போடுவார். "எட்டாம் மாசம் பொறந்தா தங்காது, ஏழே தேவலை" என்று ஒரு சொந்தக்காரர் சொல்லிவிட்டுப் போனார். இது சுத்தப் பொய். 32 வாரக் குழந்தை 28 வாரக் குழந்தையைவிட எல்லா வகையிலும் தேறியது. எட்டாம் மாதம் பிறந்தது என்று இனி யாரும் எந்த அம்மாவையும் பயமுறுத்தாதீர்கள், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

செப்டம்பர் 1 மத்தியானம் மறுபடியும் வயிறு நெற்றியானது. 32 வாரம் 4 நாள். இந்தத் தடவை பையில் எல்லாக் காகிதமும் வரிசையாக இருந்தது. ஊசியின் பலன் ஒரு வாரத்துக்குள் பிறந்தால்தான் நிறைய, பிறகு குறைந்துகொண்டே போகும். முதல் ஊசி போட்டு நாலு வாரம் ஆகிவிட்டதால், 34 வாரத்துக்கு முன்னால் இன்னொரு சுற்று போட்டார்கள். கூடவே நிஃபெடிபின். அதே ஆவி, அதே படபடப்பு. சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே கட்டில் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். செப்டம்பர் 2 சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டாவது ஊசி போட்டாகிவிட்டது. 3ஆம் தேதி மத்தியானம் மாத்திரையை நிறுத்தியபோது நான் அழவில்லை.

அன்று ராத்திரியே வலி சரியாகப் பிடித்துக்கொண்டது. தையலைப் பிரித்தார்கள். 4ஆம் தேதி விடியற்காலை, குழந்தைகள் டாக்டர் தொப்பி மாஸ்க்கோடு வந்து சூடேற்றும் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். சின்ன வயசுக்காரர். என்னை அதுவரை பார்த்ததில்லை. கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டே சிஸ்டரிடம் கேட்டார்: "ஸ்டீராய்டு முடிஞ்சுதா? எப்போ?"

சிஸ்டர் பக்கம் தேடுவதற்குள் கட்டிலில் இருந்தே சொன்னேன். "ரெண்டு டோஸும் ஆச்சு டாக்டர். முந்தாநாள் சாயங்காலம் ஆறு மணி."

அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். "போதும்மா" என்றார்.

ஒரு கிலோ 860 கிராம். அழுதான். பூனைக்குட்டி மாதிரி மெல்லிசாகத்தான், ஆனால் மூச்சு இழுத்து இழுத்து அழுதான்.